அரைமணிக்கொரு மாமியார்

ஆலையின் மெக்கானிக் ஸ்பானருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. காலையிலிருந்து எட்டாவது தடவையாக கம்ப்யூட்டர் அறைக்குப் போகும் பதினாலு இரும்புப் படிகளையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பாதி வழியில் கால் மறுத்துவிட்டது. அப்படியே நடுப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தான். கீழே சலவைக்கூடம் முழுக்க நீராவி. ஆள் யாரும் தெரியவில்லை. அக்காவின் குரல் மட்டும் மேலே வந்தது.

"டேய் தம்பி! அங்க உக்காந்து என்னடா தவம்? பெல்ட் ஓட்டமெடுக்குது பாரு. மாமியார் வந்துட்டாங்க!"

"இப்பதானே மாத்திட்டு இறங்குறேன்!"

"நீ இறங்குறதுக்குள்ள அவங்க ஏறிட்டாங்க!"

மாமியார் என்று அந்த ஆலையில் எல்லோரும் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை. பெயர் வைத்தது அக்காதான். தலைமையகத்தின் ஏற்பாடு அது. அரைமணிக்கு ஒரு தடவை சத்தமில்லாமல் வந்து, மடிப்பு பெல்ட்டை ஓட்டும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைத் திறந்து பார்க்கும். தான் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தால் திரும்பிவிடும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் போச்சு. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், தன்னிடமிருக்கும் பிரதியை அதன்மேல் வைத்து அழுத்திவிட்டுப் போகும்.

"நான் உப்பு டப்பாவ இந்தப் பக்கம் வெச்சா, வந்து அந்தப் பக்கம் நகத்துவாங்களே என் வீட்டுல ஒருத்தங்க, அதே புத்தி" என்றாள் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஃபைலில் ஒரு வரிதான் வில்லங்கம். வேகம்: 18. அதாவது நிமிடத்துக்குப் பதினெட்டுப் படுக்கை விரிப்பு. ஒன்றாம் தேதிவரை பன்னிரண்டாக இருந்தது. தலைமையகத்தில் யாரோ புது இயந்திரத்தின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு ஆக்கிவிட்டார்கள். இங்கே இருந்தது புது இயந்திரம் இல்லை. உருளைகள் தேய்ந்து போனவை. பன்னிரண்டில் ஓட்டினால் விரிப்பு காய்ந்து, தட்டையாக வரும். பதினெட்டில் ஓட்டினால் பாதி ஈரத்தில், கல்லுக்குச் சமமான கனத்தோடு வரும். முதல் ஆளாக நின்று அதன் இரண்டு முனைகளையும் எட்டிப் பிடித்து இழுப்பவள் அக்கா. பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் நிற்கிறாள். பதினான்கு நாளில் அவளுடைய வலது தோள் காதுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

தோளோடு போயிருந்தால் பரவாயில்லை. பிடிக்காமல் நழுவிப்போகும் ஒவ்வொரு விரிப்பையும் பெல்ட்டின் பக்கத்தில் ஒரு சிவப்புக் கண் எண்ணியது. மாதத்துக்கு முந்நூறு தாண்டினால் அந்த ஆளுக்கு வேலை இல்லை. தலைமையகத்தின் கடிதம் வாசலில் ஒட்டியிருந்தது. அக்காவின் கணக்கு இருநூற்று நாற்பதில் நின்றது. தேதி பதினைந்து.

சூப்பர்வைசரிடம் ஸ்பானர் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"எழுதிட்டேன்யா, மூணு தடவை எழுதிட்டேன்" என்றார் அவர். "மூணுக்கும் பதில் வந்துடுச்சு. 'உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி'ன்னு. நான் அனுப்பி ரெண்டு விநாடியில வருது. அதையும் ஏதோ மெஷின்தான் அனுப்புது."

"மெஷினாவது நன்றி சொல்லுதே சார்" என்றான் ஸ்பானர். இருபது வருஷத்தில் அந்த ஆலையில் அவன் முடுக்காத போல்ட் கிடையாது. நன்றி என்ற சொல் மட்டும் அவன் காதில் விழுந்ததில்லை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவரை வேலையிலிருந்து எடுத்தபோது, "நீதான் எல்லாத்தையும் கழட்டி மாட்டுவியே" என்று அந்த அறைச் சாவியையும் இவன் கையில் திணித்துவிட்டார்கள். அதற்கும் நன்றி இல்லை.

படியில் உட்கார்ந்தபோது அவனுக்கு ஒன்று உறைத்தது. இப்படி அரைமணிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால், மாதம் முடிவதற்குள் அக்காவின் தோளுக்கு முன்னால் தன் முட்டி போய்விடும்.

மறுநாள் அவன் ஃபைலைப் பூட்டினான். பன்னிரண்டு என்று எழுதி, இதில் இனி யாரும் எழுதக்கூடாது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தான்.

"முடிஞ்சுதாடா?" என்றாள் அக்கா.

"கதவச் சாத்திட்டேன். இனி மாமியார் வெளியதான் நிக்கணும்."

மாமியார் வெளியில் நிற்கவில்லை. ஃபைலில் எழுத முடியாததைப் பார்த்ததும், கம்ப்யூட்டருக்கே உடம்பு சரியில்லை என்று முடிவுகட்டினாள். உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவந்து வைத்தாள். பெல்ட் நின்றது. மூன்று நிமிடம் எல்லோரும் ஈர விரிப்பைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றார்கள். பிறகு ஒரு குலுக்கலோடு பதினெட்டில் கிளம்பியது. கடிகாரமும் குழம்பி, காலை ஒன்பது மணிக்கே சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

ஸ்பானர் மறுபடி பூட்டினான். அடுத்த அரைமணியில் மறுபடி அதே சிலை, அதே குலுக்கல், அதே சங்கு.

"டேய், ரெண்டாவது தடவையா சங்கு ஊதுது. நாங்க சாப்பிடறதா, இல்ல சங்குக்குச் சாப்பாடு போடறதா?"

அன்றைக்குக் குலுக்கலில் மட்டும் பதினெட்டு விரிப்பு நழுவியது. இருநூற்று ஐம்பத்தெட்டு.

அதற்கு மறுநாள் வியாழக்கிழமை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சோப்பு டிரம் கொண்டுவரும் லாரிக்காரர் வந்திருந்தார். நிறுவனத்தின் இருபத்தேழு சலவை ஆலைகளுக்கும் அவர்தான் சோப்பு கொண்டுபோவார். டிரம்களை உருட்டியதைவிட ஊர்ச்செய்திகளை உருட்டியது அதிகம்.

"என்ன ஸ்பானரே, மூஞ்சி இஞ்சி மாதிரி இருக்கு? பெல்ட் தொல்லையா? இங்க மட்டுமா? நேத்து ஒரு ஆலையில பாரு, ஒரு பொண்ணு..."

"அண்ணே, கதை கேக்க எனக்கு நேரமில்லை. டிரம்ம எறக்கிட்டுக் கெளம்புங்க."

"நல்லது சொன்னா எவன் கேக்குறான்" என்று அவர் உருட்டிக்கொண்டே போனார்.

ஸ்பானர் நேராகப் படியேறி, நெட் வயரைப் பிடுங்கினான். வருகிற பாதையே இல்லையென்றால் மாமியார் எப்படி வருவாள்? பன்னிரண்டு போட்டான். பெல்ட் பூப்போல ஓடியது. ஒரு மணிநேரம். ஒரு விரிப்பு நழுவவில்லை. அக்கா இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தோளை இறக்கினாள்.

சூப்பர்வைசர் அறையில் போன் அடித்தது. ஸ்பானர் கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

"சார்... இல்ல சார், விபத்து ஒண்ணும் இல்ல... எல்லாரும் வந்திருக்காங்க சார், நாப்பத்தாறு பேரும்... சிஸ்டத்துல காட்டலையா?... சார், நான்தான் பேசிட்டிருக்கேனே... நானும் வரலைன்னு காட்டுதா?"

வருகைப்பதிவும் அதே வயரில்தான் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்தபோது அவர் முகத்தில், தான் உண்மையிலேயே வந்திருக்கிறோமா என்ற சந்தேகம் இருந்தது.

"யோவ் ஸ்பானர். அந்த வயர மாட்டுய்யா. நாப்பத்தாறு பேரோட ஒரு நாள் போயிடும். என்னோட நாளும் சேத்து."

மாட்டினான். மாட்டின அடுத்த நிமிடம் மாமியார் வந்தாள். எங்கேயோ தடுத்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்பானர் வேறு வழியை எடுத்தான். ஆளுக்கு ஆள், ப்ரோக்ராமுக்கு ப்ரோக்ராம். தானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினான். நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபைலைப் பார்; பதினெட்டு இருந்தால் பன்னிரண்டு ஆக்கு. அவ்வளவுதான் அதற்கு வேலை.

"இதுக்கு என்னடா பேரு?" என்றாள் அக்கா.

"மருமகள்."

மடிப்பு வரிசை முழுக்கச் சிரித்தது. முதல் அரைமணியில் மாமியார் பதினெட்டு வைத்தாள். ஒரு நிமிடத்தில் மருமகள் பன்னிரண்டு ஆக்கினாள். பெண்கள் கைதட்டினார்கள். ஸ்பானர் படியில் நின்றபடி கையைத் தூக்கிக் காட்டினான்.

மாமியாரை அவன் சரியாக எடைபோடவில்லை. ஒரே ஃபைல் திரும்பத் திரும்ப மாறினால் அடிக்கடி போய்ப் பார் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அரைமணி, பத்து நிமிடமானது. பத்து நிமிடம், ஐந்தானது. மத்தியானத்துக்கு மேல் இரண்டு பேரும் நிமிடத்துக்கு நிமிடம் மோதினார்கள். பெல்ட் பதினெட்டில் பாய்ந்தது, பன்னிரண்டில் தவழ்ந்தது, மறுபடி பாய்ந்தது. மடிப்பவர்கள் புயலில் படகு தள்ளுவதுபோல முன்னும் பின்னும் ஆடினார்கள்.

"டேய், ரெண்டு பேரையும் பிரிச்சு விடுடா!"

"இரு அக்கா, மருமகள நிறுத்துறேன்!"

அவன் ஏழாவது படியில் இருக்கும்போது, பெல்ட் பாய்ந்த பாய்ச்சலில் ஒரு இரட்டைக்கட்டில் விரிப்பு பறந்தது. என்ன சத்தம் என்று பார்க்க வந்த சூப்பர்வைசரைத் தலை முதல் கால்வரை மூடியது. அவர் உள்ளேயிருந்து பேசினார். என்ன பேசினார் என்பது துணியோடு போயிற்று. கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"திங்கக்கிழமை தலைமையகத்துலேர்ந்து பரிசோதகர் வர்றார். யாரோ ஃபைல்ல கைவெக்கிறாங்கன்னு உங்க மாமியாரே எழுதிப் போட்டுட்டாங்க!"

சிவப்புக் கண்ணை அக்காதான் போய்ப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மாதம் முடியப் பதின்மூன்று நாள் பாக்கி. கையில் எட்டே எட்டு விரிப்பு.

சனிக்கிழமை காலை அவர்கள் இரண்டு பேரும் பின்வாசலில் நின்றார்கள். அக்கா இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர் தரையைப் பார்த்தான்.

"நான்தான் கெடுத்துட்டேன் அக்கா. சும்மா இருந்திருந்தாக்கூட இவ்வளவு ஏறியிருக்காது."

"சும்மா இருந்தாலும் நாலு நாளில போயிருக்கும். இப்ப எட்டு விரிப்பாவது கையில மிச்சம் இருக்கு. அழாத, மூக்கு ஒழுகுது." சேலைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குப் புத்தி இருக்குடா, குடும்பம் நடத்தின அனுபவம் பத்தல. மாமியாரோட நேருக்கு நேர் நின்னு எவ ஜெயிச்சிருக்கா? நான் நின்னு பாக்காததா? அவங்க யாரு பேச்சக் கேப்பாங்களோ, அந்த ஆளப் போய்ப் பிடிக்கணும். நான் மாமனாரப் பிடிச்சேன். அன்னைக்கே உப்பு டப்பா நான் வெச்ச எடத்துல நின்னுது."

ஸ்பானர் அவளையே பார்த்தான்.

"என்னடா முழிக்கிற?"

"மாமியார் மனப்பாடமா எழுதறதில்ல அக்கா. எங்கேயோ பாத்துத்தான் எழுதறா. எந்தப் பிரதியப் பாத்து எழுதறா?"

படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். முட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. மாமியார் எங்கேயிருந்து வருகிறாள் என்று திரையில் தேடினான். ஒரு எண் வந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு, வயர் போகும் வழியே நடந்தான். சுவரைத் துளைத்துத் தெருவுக்குப் போகும் என்று நினைத்தான். வயர் தெருவுக்குப் போகவில்லை. பாய்லர் குழாயோடு ஒட்டிக்கொண்டு, கூடத்தைச் சுற்றி, சோப்பு மூட்டை அறைக்குள் நுழைந்தது.

ஒரு காலத்தில் தலைமையகமே அந்த அறைதான். கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனபோது நாற்காலி, மேசை, சுவர்க் கடிகாரம்வரை எண்ணி எடுத்துப் போனார்கள். கடிகாரத்தின் ஆணி மட்டும் மிஞ்சியது. அதன்பிறகு மூட்டைகள் வந்தன. மூட்டைகளுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மடிப்பு வரிசைப் பெண்கள் பல வருஷமாகத் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை அதன்மேல்தான் வைத்தார்கள். மத்தியானம் திறந்தால் அப்போதுதான் இறக்கிய மாதிரி ஆவி பறக்கும். அது எதற்காகச் சூடாகிறது என்று யாரும் கேட்டதில்லை. சூடாக்கியது, போதும்.

வயர் அந்தப் பெட்டியின் முதுகில் முடிந்தது.

ஸ்பானர் பதினோரு பாத்திரங்களையும் இறக்கி வைத்தான். பெட்டியின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண், அவன் கையில் இருந்த எண்ணேதான். அதற்குக் கீழே ஒட்டிய காகிதத்தில், குழம்புக் கறைக்கு நடுவே, பாஸ்வேர்ட்.

"அக்கா! இத்தனை வருஷமா மாமனார் தலைமேலதான் நீங்க சோறு வெச்சிருக்கீங்க!"

மேலே இருந்த பழைய திரையைக் கொண்டுவந்து மாட்டினான். உள்ளே ஒரே ஒரு பிரதி. ஆலையின் பெயர் எதுவும் இல்லை. வேகம்: 18. ஆலைக்கு ஒரு பெட்டி கொடுத்திருப்பார்கள் போல என்று ஸ்பானர் நினைத்துக்கொண்டான். நம்ம அறையில், நம்ம பாத்திரத்துக்குக் கீழே இருப்பது நம்முடையதாகத்தானே இருக்கும்! பதினெட்டை அழித்தான். பன்னிரண்டு என்று எழுதினான். பக்கத்தில் காரணம் எழுத இடம் விட்டிருந்தது. 'உருளை பழசு. பதினெட்டு தாங்காது. மனுஷத் தோளும் தாங்காது' என்று எழுதி மூடினான்.

மருமகளை நிறுத்தியபின் பழையபடி அரைமணிக்குத் திரும்பிவிட்ட மாமியார் பதினொன்றரைக்கு வரவேண்டும். பதினொன்று இருபத்தெட்டுக்கே மடிப்பு வரிசை பேச்சை நிறுத்திவிட்டது. அக்கா முதல் இடத்தில் காலை அகட்டி நின்றாள். பதினெட்டில் ஓடிய பெல்ட், நொடி முள் பன்னிரண்டைத் தொட்டபோது ஒரு பெருமூச்சு விட்டது. வேகம் இறங்கியது. விரிப்பு காய்ந்து, தட்டையாக, அப்பளம்போல வந்து அக்காவின் கையில் விழுந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி காத்திருந்தார்கள். மாமியார் வந்தாள். ஃபைலைப் பார்த்தாள். தன் பிரதியைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. திரும்பிப் போய்விட்டாள். ஒரு மணிக்கும் அப்படியே. இனி யார் எந்தப் படியில் ஏறிப் பதினெட்டு வைத்தாலும், அரைமணியில் வந்து பன்னிரண்டு ஆக்குவது அவள் வேலை.

நாற்பத்தைந்து பேர் போட்ட கூச்சலில் பாய்லர் சத்தம் கேட்கவில்லை. யாரோ ஸ்பானர் தலையில் ஒரு விரிப்பைப் போர்த்தித் தோளில் தூக்கினார்கள். சூப்பர்வைசர் கையைத் தூக்கப் போனார். பரிசோதகர் ஞாபகம் வந்து பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். பெட்டி இருந்த அறைதான் அமைதியாக இருக்கிறது என்று அங்கேயே போனார். பாத்திரங்களை நகர்த்திவிட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஸ்பானர் அவர் நகர்த்திய பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான்.

"என்னய்யா, சூடா இருக்கே?"

"சாப்பாட்டு மேசை சார்" என்றாள் அக்கா, கண் இமைக்காமல்.

பரிசோதகர் தட்டினார். புருவத்தை உயர்த்தினார். "வேகம் என்ன இருக்கணும்? பன்னெண்டு. உங்ககிட்ட என்ன இருக்கு? பன்னெண்டு. மாத்தம் ஒண்ணுமே இல்லையே. உங்க ஆலைன்னு இல்ல, எல்லாமே பச்சையாத்தான் காட்டுது. இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரவெச்சாங்க?"

"அதானே சார்" என்றார் சூப்பர்வைசர். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாதக் கடைசி நாள் வியாழக்கிழமையாக வந்தது. சிவப்புக் கண் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. பன்னிரண்டு நாளில் ஒன்றுகூட நழுவவில்லை. வாசலில் ஒட்டியிருந்த கடிதத்தில் யாருடைய பெயரும் ஏறவில்லை. அக்கா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழு வட்டம் சுற்றிக் காட்டினாள்.

பின்வாசலில் ஸ்பானர் லாரியிலிருந்து டிரம் இறக்கிக்கொண்டிருந்தான். அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் அக்கா, உன் வேலையவே காப்பாத்திக் குடுத்திருக்கேன். ஒரு நன்றி சொல்லக் கூடாதா?"

"கூடப்பொறந்தவனுக்கு எவடா நன்றி சொல்லுவா? இந்தா, முதல் கவளம் உனக்கு. வாயத் தொற."

"வெளியவும் சொல்ல முடியல. சொன்னா வேலை போயிடும். ரெண்டு விநாடியில நன்றி அனுப்புற மெஷினுக்கு இருக்கற குணம் மனுஷங்களுக்கு இல்ல."

அவன் வாயில் சோறு இருந்ததால், லாரிக்காரர் பேச ஆரம்பித்தபோது இந்தத் தடவை அவனால் தடுக்க முடியவில்லை.

"போன தடவை சொல்ல வந்தேன், விரட்டிட்டே. இப்பவாவது கேளு ஸ்பானரே" என்றார் அவர், கடைசி டிரம்மின் மேல் சாய்ந்துகொண்டு. "பத்தொம்பதாம் தேதி, சனிக்கிழமை, காலைல பதினொன்றரை மணி: மிச்ச இருபத்தாறு ஆலையிலயும் ஒரே நொடியில பெல்ட் தானா பன்னெண்டுக்கு எறங்கிடுச்சு, எந்தப் புண்ணியவான் செஞ்சான்னு எவனுக்கும் தெரியல, ஆனா அத்தனை ஆலைப் பொம்பளைங்களும் அந்த ஆளுக்கு ஒரு நன்றி பாக்கின்னு என்கிட்ட சொல்லி அனுப்புறாங்க, நான் அதை யாருகிட்டப் போய்க் குடுக்கறது?"